நாடா ஓடிய தெரு

"நாய் என்ன ஜாதி சார்?"

போனில் கேட்டவர் மலையில் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறவர். மகள் ஒரு தாளில் ஏழெட்டு நம்பர் எழுதிக் கொடுத்திருந்தாள். ஏலகிரி, ஜவ்வாது மலை, கொல்லிமலை. எல்லாமே 'பெட் ஃப்ரெண்ட்லி' என்று விளம்பரம் செய்த இடங்கள். 'நாயோடு வரலாம்' என்று தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே டயல் செய்தேன்.

"நாட்டு நாய்ங்க. நம்ம தெரு நாய்தான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "லேப், பீகிள் மாதிரின்னா பரவால்ல சார். தெரு நாய்னா மத்த கெஸ்ட்டுங்க பயப்படுவாங்க" என்றார்.

காஞ்சிபுரத்தில் பிறந்தவனிடம் ஜாதி கேட்பது புதிதில்லை. நாய்க்கும் சேர்த்துப் பதில் சொன்னதுதான் முதல் தடவை. போனை வைத்தபோது அத்தி என் காலடியில் படுத்து ஒரு காதை மட்டும் தூக்கி வைத்திருந்தது. எனக்கு ஞாபகம் வந்தது அத்தி இல்லை. நாடா.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பிள்ளையார்பாளையம். தெருவில் காலை ஐந்து மணிக்கெல்லாம் பாவு விரிப்பார்கள். இந்தக் கோடியில் கவட்டைக் கம்பு, அந்தக் கோடியில் கவட்டைக் கம்பு. நடுவில் பட்டு இழைகள் இடுப்புயரத்தில் தெருவின் நீளத்துக்கு ஓடும். கஞ்சி தடவி, உதறிப் பிரித்து, அறுந்த இழையைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் தெருவில் சைக்கிள் வராது, பிள்ளைகள் ஓட மாட்டார்கள், ஆடு மாடு வெளியே வராது. எங்கள் நாய் மட்டும் பாவுக்கு அடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் இழை அதன் முதுகில் படாது. தறியில் நாடா ஓடுவதைப் போல இருக்கிறதென்று ஆயாதான் அந்தப் பேரை வைத்தாள்.

அதற்கு என்ன ஜாதி என்று யாரும் கேட்டதில்லை. செம்மண் நிறம், வால் நுனியில் வெள்ளை. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ இல்லை. 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதையொட்டித்தான். பட்டுக்கும் நாய்க்கும் அடுத்தடுத்துச் சான்றிதழ். நாடா அப்போது இருந்திருந்தாலும் அதற்கு எதுவும் கிடைத்திருக்காது.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். தை மாதம் மூன்று நாள் விடுப்பு, கூடாரம், நட்சத்திரம், அத்தியும் கூட வர வேண்டும் என்று கேட்டாள். "ஏம்மா, நாயை எங்கயாவது விட்டுட்டுப் போனா என்ன?" என்றேன். "நீங்க சின்ன வயசுல விட்டுட்டா போனீங்க?" என்றாள். எப்போதோ நாடாவைப் பற்றி அவளிடம் பாதிக் கதை சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லவில்லை.

கேம்பிங் என்ற வார்த்தை எங்களுக்குத் தெரியாத காலத்தில் நாங்கள் கேம்பிங் போனோம், பெருமாளோடு.

சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் ஊரை விட்டுக் கிளம்பி ஐயங்கார்குளம் போவார். அங்கே நடவாவி என்ற கிணறு இருக்கிறது. படியிறங்கிப் போனால் தரைக்கு அடியில் தூண்களோடு ஒரு மண்டபம். வருஷம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் அதை உற்சவத்துக்காக இறைத்து வெளியே கொண்டுவருவார்கள். பெருமாள் உள்ளே இறங்கிச் சுற்றி வருவார். அது முடிந்ததும் பாலாற்று மணலுக்குப் போவார். சித்திரை வெயிலில் தறிக்குழிக்குள் உட்கார்ந்து வெந்தவர்களுக்கு அந்த மணல் ஒரு ராத்திரி சொர்க்கம். மாட்டு வண்டியில் பாதி ஜனம், நடந்து பாதி. பாயும் போர்வையும் கட்டுச்சோறும் வண்டியில் இருக்கும். நாடா வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், அச்சின் நிழலிலேயே நடந்து வரும். பாவுக்கு அடியில் ஓடிப் பழகிய நாய்.

ஆயா கட்டும் சோறு புளியோதரை. கூடவே மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மூங்கில் கூடையில் மந்தாரை இலை வைத்து வேகவைத்த இட்லி. கோயில் இட்லியின் கணக்கு அதுதான். மறுநாளைக்கும் கெடாது. நாடாவுக்கு மிளகு பிடிக்காது. இட்லியைத் தின்றுவிட்டு மிளகை மணலில் துப்பும். ஒவ்வொரு மிளகாக. "பாரேன், எங்க வீட்டுக்காரர் மாதிரியே துப்புது" என்பாள் ஆயா. தாத்தா செத்து அப்போது பத்து வருஷம்.

ராத்திரி மணல் ஜில்லென்று ஆகும்வரை நாடா படுக்காது. சுற்றிச் சுற்றி வரும். பிறகு முன்னங்காலால் பறிக்க ஆரம்பிக்கும். சூடான மேல்மணலைத் தள்ளிவிட்டு அடியில் ஈரம் தட்டும் இடத்தில் வயிற்றை வைத்துப் படுப்பதற்காக. அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்து வந்த 1979-இல், எனக்கு எட்டு வயது, அது பறித்துக்கொண்டே போனது. ஒரு முழம் இருக்கும். குழிக்குள் நிலா தெரிந்தது. தண்ணீர். ஆயா குனிந்து இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்துப் பாய்க்காரர்கள் சொம்போடு வந்தார்கள். நாய் தோண்டிய ஊற்று என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பைரவர் வாகனம் தோண்டியது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது நாங்கள் தோண்டிய கிணறு மாதிரிப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது நம்பர்காரர் தன்மையாகப் பேசினார். நாயோடு வரலாம், ஆனால் காட்டுக்குள் நடைப்பயணம் போகும்போது அதைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, வனத்துறை விடாது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட இடமும் இல்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் மனிதர்களே அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும். நம் நாய் யாரையும் கடிக்காது என்பது அங்கே பதிலாகாது. ஊசி போடாத நாயின் மூச்சிலும் எச்சிலும் இருக்கும் டிஸ்டெம்பர் கிருமி போதும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றில் அந்தக் கிருமியும் கண்டுபிடிக்கப்பட்டது. நாயின் வாசனை பட்டாலே மான் அந்தப் பக்கம் மேய வராது. காட்டுக்கு நாயை விடமாட்டோம் என்கிறவரும், தெரு நாய் வேண்டாம் என்கிறவரும் ஒன்றில்லை. முதலாமவர் தன் இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பேசுகிறார்.

வேடந்தாங்கலுக்கும் நாயோடு போக முடியாது. முன்பு அதுவும் எங்கள் ஜில்லா. இப்போது செங்கல்பட்டில் சேர்ந்துவிட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து கொக்கும் நாரையும் சுட்டபோது, அந்த ஊர் ஜனங்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-இல் பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் வாங்கினார்கள். கொடுத்த கலெக்டர் லயனல் பிளேஸ். இதே பிளேஸ் துரை கொடுத்த ஆபரணம் ஒன்று வரதராஜப் பெருமாளின் நகைகளில் இருக்கிறது. அதை அவருக்குச் சாத்தும்போதெல்லாம் எனக்கு ஏரியின் நடுவில் கடம்ப மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரைதான் நினைவுக்கு வரும். பக்தி குறைவு என்று அத்தை திட்டுவாள்.

அத்தை என்றதும் அத்தி.

2019 ஜூலை முதல் தேதி அத்தி வரதர் மறுபடி குளத்திலிருந்து எழுந்தருளினார். நாற்பது வருஷம் தண்ணீருக்கு அடியில் இருந்தவர். ஜூலை முழுக்கச் சயனத்தில், ஆகஸ்டில் நின்ற திருக்கோலத்தில், மொத்தம் 48 நாள். ஊரே கூடாரமாகிவிட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் திண்ணை, கடை வாசல், பஸ் நிறுத்தம், மூடிய ஜவுளிக்கடைப் படிக்கட்டு, எங்கே பார்த்தாலும் ஜனங்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். தெரு நாய்கள் முதல் வாரம் மிரண்டு ஓடின. இரண்டாவது வாரத்தில் வெளியூர்க்காரர்களின் கால்மாட்டில் சுருண்டு படுக்கப் பழகிவிட்டன. 1979-இலும் எங்கள் திண்ணையில் ஆரணியிலிருந்து வந்த பதினோரு பேர் படுத்திருந்தார்கள்; பன்னிரண்டாவதாக நாடா.

கடைசி வாரம், தேரடிப் பக்கம், காலி தண்ணீர் பாட்டில் குவியலுக்குள் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. தாய் நெரிசலில் எங்கே போனதோ. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் அத்தி என்று பேர் வைத்தாள். தெருவில் இரண்டு பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள், பெருமாள் பேரை நாய்க்கு வைப்பதா என்று. "அத்தி மரத்துப் பேருங்க" என்று சமாளித்தேன். உண்மையான சங்கடம் வேறு. "அத்தீ" என்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து அத்தை "இன்னாடா?" என்பாள். நாய் வராது.

ஐந்தாவது நம்பரில் சரியென்றார்கள். ஏலகிரி, தனியார் மாந்தோப்பு. அவர் கேட்டது மூன்று: வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டை இருக்கிறதா, உண்ணிக்கு மருந்து போட்டிருக்கிறதா, பத்தடிக் கயிறு கொண்டு வருவீர்களா. ஜாதியைக் கேட்கவில்லை.

போவது எப்படி என்று ஒரு நாள் யோசித்தோம். ரயிலில் நாயைக் கொண்டுபோக இரண்டு வழிதான். முதல் வகுப்பு ஏசியில் ஒரு தனி அறை முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியில் இருக்கும் கூண்டில் போட வேண்டும். அந்தக் கூண்டை அரக்கோணத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அத்தியை அதில் போட மனம் வரவில்லை. மகள் சிநேகிதியின் காரைக் கேட்டு வாங்கினாள். "சொர்க்கத்துக்கே நாயை விட மாட்டேன்னாங்களாமே அப்பா, தர்மர்கிட்ட" என்றாள். ஆமாம். எங்கள் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் ராத்திரி கூத்துமாக ஊரே பாய் போட்டுக் கிடக்கும். முன் வரிசையில் பிள்ளைகள், பிள்ளைகளின் மடியில் நாய்கள். ஆனாலும் தர்மரின் நாய்க் கதையை நான் அங்கே கேட்டதில்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தைப் போரோடு முடித்துவிட்டார். கூத்தும் படுகளத்தில் துரியோதனனைச் சாய்த்து, தீ மிதித்து முடித்துவிடும். நாய்கள் கடைசிவரை விழித்திருந்து பார்த்தும் தங்கள் பங்கு வரவேயில்லை.

காஞ்சியிலிருந்து ஏலகிரி 150 கிலோமீட்டருக்கு மேல். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. ஆம்பூரில் பிரியாணி வாசனைக்கு அத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் பேர், வள்ளல் பேர். கபிலரில் அத்திக்குக் குமட்டியது. பாரியில் இறக்கிவிட்டோம். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பேர் எழுதிய பலகைக்குக் கீழே அது காலைத் தூக்கியபோது மகள் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

தோப்புக்காரர் மலைக்காரர். நாங்கள் போன உடனே கூடாரம் போடும் இடத்தைக் காட்டவில்லை. அத்தியை மோந்து பார்க்க விட்டு, தன் இரண்டு நாய்களையும் தூரத்தில் நிறுத்தி, அவை வாலாட்டும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"ராவுல நாயை வெளிய கட்டிடாதீங்க. உங்களோட உள்ளயே படுக்கட்டும்."

"ஏங்க?"

"சிறுத்தைக்கு ஆட்டைவிட நாய் லேசு. கயித்துல கட்டிப்போட்டா எடுத்து வெச்ச சோறு மாதிரி."

2024 ஜூனில் திருப்பத்தூர் டவுனுக்குள்ளேயே, பள்ளிக்கூட வளாகத்தில், ஒரு சிறுத்தை நுழைந்து, பிறகு பிடிபட்டது நினைவுக்கு வந்தது. மலையிலிருந்து ரொம்பத் தூரமில்லை அது. கூடாரத்துக்குக் காவலாக நாயை வெளியே கட்டுகிறவர்கள் உண்டு. காவல் என்று நாம் நினைப்பது சிறுத்தைக்கு அழைப்பு. எந்த விளம்பரமும் இதைச் சொல்லவில்லை.

ராத்திரி பனி இறங்கியது. தோப்புக்காரர் சொன்னபடி நகம் பட்டுக் கிழியாமலிருக்கக் கூடாரத்துக்குள் கோணி விரித்திருந்தோம். அத்தி நடுங்குவது போலிருந்தது. ஆயாவின் பழைய போர்வையை எடுத்து மூடினேன். "பேகன்!" என்றாள் மகள். பதினான்கு வளைவில் அவனும் ஒருத்தன். மயில் உடுத்தவும் செய்யாது, போர்த்தவும் செய்யாது என்று தெரிந்தே அதற்குப் போர்வை கொடுத்தான் என்று பரணர் அவனைப் புகழ்ந்திருக்கிறார். அத்தி போர்வையை உதறிவிட்டு அதன் மேலேயே ஏறிப் படுத்தது. ராத்திரி முழுக்க அது தூங்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் காது திரும்பியது. நாமெல்லாம் நட்சத்திரம் பார்க்க மலை ஏறுகிறோம். நாய்க்கு அது புது வாசனைகளைக் காவல் காக்கும் வேலை. விடியும் நேரத்தில் மகளின் வயிற்றில் தலையை வைத்துக் கண்ணயர்ந்தது. அப்போதுதான் அவளிடம் மீதிப் பாதியைச் சொன்னேன்.

அத்தி வரதர் வந்துபோன அடுத்த வருஷம். ஆயாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சித்ரா பௌர்ணமிக்கு வண்டி வேண்டாம், விடியற்காலை பஸ்ஸில் போய்விடலாம் என்றார் அப்பா. கண்டக்டர் நாயைப் பார்த்ததும், "இதையெல்லாம் ஏத்த முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். அப்பா நாடாவை வீட்டுக்கு இழுத்துப் போய்த் தறிவீட்டுத் தூணில் கட்டிவிட்டு ஓடி வந்து ஏறிக்கொண்டார். பஸ் தெருமுனை திரும்பும்போது நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறுந்த கயிறு கழுத்தில் தொங்க நாடா வந்துகொண்டிருந்தது. தெருவில் பாவு விரித்திருந்தார்கள். எங்களுடையது இல்லை, நாலு வீடு தள்ளி, கல்யாணப் புடவைக்கு. எத்தனையோ வருஷம் ஓர் இழை படாமல் அடியில் ஓடிய நாய், அன்றைக்குப் பாவின் மேலே பாய்ந்தது. கயிறு மாட்டிக்கொண்டது.

மறுநாள் மணலிலிருந்து திரும்பி வந்தபோது அரக்குப் பட்டு இழைகள் சாக்கடைவரை சிதறிக் கிடந்தன. அப்பா இரண்டு நாள் தன் தறியை நிறுத்திவிட்டு, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இழை இழையாகப் பிணைத்துக் கொடுத்தார். சேராத பட்டுக்குக் காசும் கொடுத்தார். நாடாவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் இதை மறந்திருப்பேன். மூன்றாம் நாள் பாலாற்றங்கரையில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். அறுத்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆட்டை அடைப்பவர்கள். நாயும் ஆளும் வயலிலேயே படுத்து, நாலு நாளுக்கு ஒரு வயலாக மாறிப் போவார்கள். நாடா அவர் பின்னால் போனது. தெருக்கோடியில் ஒருமுறை நின்றது. அப்பா தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார், பார்க்கவில்லை.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தியின் காதை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓரிக்கைப் பக்கம் விடச் சொன்னாள். பாலாற்றைப் பார்க்க வேண்டுமாம். 2021 நவம்பரில் கரை தளும்ப வெள்ளம் போன ஆறு இதுதான் என்றால் நம்ப முடியாது. மணல் எடுத்த பள்ளங்கள், சீமைக்கருவேலம், நடுவில் கொஞ்சம் நாணல். அத்தி இறங்கியதும் பறிக்க ஆரம்பித்தது. யாரும் சொல்லிக்கொடுக்காத பழக்கம். ஒரு முழம் பறித்தது. களிமண் வந்தது. மூக்கில் ஒட்டிய களியை என் வேட்டியில் துடைத்துவிட்டு நகர்ந்தது.

கரையோரம் சம்பா அறுத்த வயலில் கிடை. வலைக்குள் நூறு ஆடு இருக்கும். வரப்பில் ஒரு பெரியவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது, செம்மண் நிறம். இத்தனை வருஷமாகக் கிடையைக் கண்டால் வால் நுனியைத்தான் பார்க்கிறேன். இதற்கும் வெள்ளை இல்லை.

"வாங்க, வாங்க. அது ஒண்ணும் பண்ணாது" என்றார். "உங்க நாய் ஆட்டைத் துரத்துமா?"

"தெரியலீங்க. ஆட்டைப் பாத்ததில்ல."

"அப்ப கயித்தைப் புடிச்சிக்கினு கிட்ட வுடுங்க, பாக்கலாம்."

அத்தி தரையோடு தரையாகத் தாழ்ந்து, வலையின் ஓரமாக ஒரு சுற்று வந்தது. ஆடுகள் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி அசை போட்டன. பெரியவர் தலையாட்டினார். வண்டியில் கட்டியிருந்த கூடாரத்தை மகள் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னை.

"தாத்தா, நாங்க இன்னைக்கு ராத்திரி இங்க படுத்துக்கலாமா?"

"படுங்களேன். நாலு மணிக்குக் கிடையைப் பேத்துருவோம், அதுக்கு முன்ன எழுந்துக்கணும்." அவர் அத்தியைக் கை நீட்டிக் கூப்பிட்டார். "பேரு இன்னா?"

"நாடா" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். நாய் திரும்பவில்லை. அதற்கு அந்தப் பேர் தெரியாது.